லென்ஸில் ஒரு சொட்டு எண்ணெய்

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

போன வாரம் நைட் டியூட்டி. வயிற்று வலின்னு ஒரு தங்கச்சி வந்தாங்க. நாள் தள்ளிப்போய் ஏழு வாரம். தலை சுத்துது, நாடித்துடிப்பு 120. வயித்துக்குள்ள ரத்தம் கசியுதான்னு உடனே பார்க்கணும். எங்க ஆஸ்பத்திரியில் ராத்திரி நேரத்துக்கு கேஷுவாலிட்டி, பிரசவ வார்டு, மெடிக்கல் வார்டு எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு தள்ளுவண்டி ஸ்கேன் மெஷின். அதைத் தள்ளிக்கிட்டு வந்து பார்த்தா ப்ரோப் மேல ஜெல் காய்ஞ்சு பொருக்கு தட்டியிருக்கு. பேட்டரியில சார்ஜ் சுத்தமா இல்லை. துடைச்சு, ஒயரைத் தேடி, பிளக் பாயின்ட் கண்டுபிடிச்சு ஆன் ஆகறதுக்குள்ள நாலு நிமிஷம்.

கருக்குழாய்க் கர்ப்பம்தான். தியேட்டருக்கு அனுப்பினோம். நல்லா இருக்காங்க, வீட்டுக்கும் போயாச்சு.

ஆனா காலையில நான் கத்தின கத்துல வார்டே அமைதியாயிடுச்சு. ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருத்தர் மெதுவா கேட்டார்: "நாலு நிமிஷம்தானே சார்? அதுக்கு ஏன் இவ்வளவு கோபம்?"

அவர்கிட்ட சொல்லாததை உங்ககிட்ட சொல்றேன். இது 2010ல நடந்தது. நான் எம்.பி.பி.எஸ். ரெண்டாம் வருஷம் படிச்சுக்கிட்டிருந்தேன்.

ஐ.சி.எம்.ஆர். மருத்துவ மாணவர்களுக்கு ரெண்டு மாசக் குறுகிய கால ஆராய்ச்சித் திட்டம் ஒண்ணு நடத்தும். நம்ம காலேஜ் ஆசிரியர் ஒருத்தரோட வழிகாட்டுதலில் சின்னதா ஒரு ஆய்வு பண்ணி ரிப்போர்ட் அனுப்பணும். ரிப்போர்ட் ஏற்கப்பட்டால்தான் உதவித்தொகையும் சான்றிதழும். எனக்குக் கிடைச்ச தலைப்பு: சர்க்கரை நோயாளிகளின் தோலில் இருக்கும் நரம்பு இழைகளை எண்ணுவது.

இது என்னன்னு கொஞ்சம் விளக்கணும். சர்க்கரை நோயாளிகள் சிலர் "பாதம் எரியுது டாக்டர், ராத்திரி தூக்கமே இல்லை" என்பார்கள். நரம்புப் பரிசோதனை எடுத்தால் நார்மல் என்று வரும். ஏன்னா அந்தப் பரிசோதனை தடிமனான நரம்புகளைத்தான் அளக்கும். வலியையும் சூட்டையும் உணரும் மெல்லிய இழைகள் அதில் தெரியாது. அதைப் பார்க்க, கணுக்காலுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் மேலே, மரத்துப்போக ஊசி போட்டு, 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தோலை எடுக்கணும். பி.ஜி.பி. 9.5 என்ற புரதத்துக்கு ஒளிரும் சாயம் ஏற்றினால், மேல்தோலுக்குள் ஏறி வரும் இழைகள் பச்சைப் பச்சையா மின்னும். அதை எண்ணணும்.

ஒரு சிக்கல். அந்தத் தோல் துண்டை 50 மைக்ரான் தடிமனில் வெட்டுவார்கள். வழக்கமா ஆஸ்பத்திரி லேப்ல வெட்டறதைவிடப் பத்து மடங்கு தடிமன். இழை வளைஞ்சு நெளிஞ்சு போகும், மெல்லிசா வெட்டினால் அறுந்துடும். ஆனா தடிமனா இருந்தா சாதாரண மைக்ராஸ்கோப்பில் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு குழம்பித் தெரியும். ட்ரேசிங் பேப்பர்ல அம்பது படம் வரைஞ்சு அடுக்கிவெச்சு மேலிருந்து பார்க்கிற மாதிரி.

இங்கேதான் கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் வருது. லேசர் கதிரை ஒரு புள்ளியில குவிச்சு, புள்ளி புள்ளியா ஓட்டிப் படம் எடுக்கும். திரும்பி வரும் வெளிச்சத்துக்கு முன்னால ஊசித்துளை அளவுக்கு ஒரு ஓட்டை. குவிஞ்ச தளத்திலிருந்து வரும் ஒளி மட்டும் அந்த ஓட்டை வழியா நுழையும். மேலேயும் கீழேயும் இருந்து வருவது வெளியிலேயே நின்னுடும். அடுக்கிலிருந்து ஒரே ஒரு தாளை உருவிப் பார்க்கலாம். இந்த யோசனைக்கு 1957லேயே காப்புரிமைக்கு விண்ணப்பிச்சவர் மார்வின் மின்ஸ்கி. ஆமாங்க, பின்னாளில் செயற்கை நுண்ணறிவு முன்னோடின்னு பேர் வாங்கின அதே ஆள்தான். மூளைக்குள்ள நரம்புகள் எப்படிப் பின்னியிருக்குன்னு பார்க்கணும்னு ஆசைப்பட்டுச் செஞ்சது. லேசர், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து விற்பனைக்கு வர 1980களின் கடைசி ஆயிடுச்சு.

(இதோட தம்பி மாதிரி ஒண்ணு பெரிய கண் ஆஸ்பத்திரிகளில் இருக்கு. நெல் தூசியோ செடியோ கண்ணில் பட்டுக் கருவிழியில் பூஞ்சைப் புண் வந்த விவசாயிகளுக்கு, சுரண்டி எடுக்காமலே பூஞ்சை இழைகளை நேரில் காட்டிவிடும். கண்ணில் பட்டதுக்கு மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடாதீங்கன்னு நான் கத்தறது இதுக்குத்தான். சரி, விஷயத்துக்கு வர்றேன்.)

இந்த மெஷின் விலை கோடிகளில். எங்க காலேஜ்ல இல்லை. பக்கத்து ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒண்ணு இருந்தது. சுத்துவட்டார ஊர்களுக்கெல்லாம் அதுதான். இன்னைக்காவது ஐ-ஸ்டெம் என்று மத்திய அரசின் இணையதளம் இருக்கு. 2020ல தொடங்கினாங்க. எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்குன்னு தேடி, அதிலேயே பதிவு பண்ணலாம். அப்போ எல்லாம் ஃபோன்தான், தெரிஞ்ச ஆள்தான், ஒரு நீளமான நோட்டுதான்.

எங்க மேடம் பேசி எனக்குச் சனிக்கிழமை பகல் வாங்கிக் கொடுத்தாங்க. மத்த நாளெல்லாம் அங்கேயே பி.எச்டி. பண்றவங்களுக்கு.

மெஷின் இருந்த அறையை நீங்க பார்த்திருக்கணும். கும்மிருட்டு. ஏ.சி. குளிர். ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஒரு தொழில்நுட்ப அலுவலர், எல்லாருக்கும் அவர் அண்ணன். முதல் நாள் ரெண்டு மணி நேரம் எனக்கு வகுப்பு எடுத்தார். அதில் பாதிக்கு மேல படம் எடுக்கிறதைப் பத்தி இல்லை, உனக்கு அடுத்து வர்ற ஆளைப் பத்தித்தான்.

ஆர்கான் லேசர் சூடாகி நிலைப்பட அரை மணி நேரம் ஆகும். அதனால கிளம்பும்போது நோட்டைப் பார். அடுத்த ஆள் சீக்கிரம் வர்றாங்கன்னா அணைக்காதே. யாரும் இல்லைன்னா அணை, ஆனா உள்ளே ஃபேன் ஓடி ஆறுறவரைக்கும் மெயின் ஸ்விட்சைத் தொடாதே. லேசரோட ஆயுசு மணிக்கணக்கு, நீ மறந்துட்டுப்போன ராத்திரி அடுத்த வருஷம் யாரோ ஒருத்தருக்குக் குறையும். மெர்குரி விளக்கை அணைச்சா ஆறுறதுக்கு முன்னாடி திரும்பப் போடக் கூடாது. பென்டிரைவ் சொருகாதே, வைரஸ் வந்தா எல்லாரோட படமும் போச்சு. ஸ்லைடு ஓரத்துல நெயில் பாலிஷ் காயாம மேல வைக்காதே. வரமுடியலைன்னா முந்தின நாளே சொல்லு, காத்திருக்கிறவங்க லிஸ்ட்ல இருந்து ஒருத்தரைக் கூப்பிட்டுக்குவேன்.

கடைசியா லென்ஸ். 63 எக்ஸ் லென்ஸுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடணும். 20 எக்ஸ் எண்ணெய் படக்கூடாத லென்ஸ். 63ல பார்த்துட்டு நேரா 20க்குத் திருப்பினா ஸ்லைடில் இருக்கும் எண்ணெய் அதில் ஒட்டும். "முதல்ல ஸ்லைடை எடு, ரெண்டையும் துடை, அப்புறம் திருப்பு. தப்பு நடந்தா என்கிட்ட சொல்லு. துடைக்கிறது எனக்கு அஞ்சு நிமிஷ வேலை. சொல்லாமப் போனாத்தான் பிரச்சினை."

மருத்துவ மாணவனுக்கு இது புதுசா என்ன? முதல் வருஷ ஹிஸ்டாலஜி லேப்லயே 100 எக்ஸ் எண்ணெயை 40 எக்ஸில் பூசித் திட்டு வாங்காதவன் எவன்? தலையாட்டினேன்.

பன்னிரண்டு பேர் தோல் கொடுத்திருந்தார்கள். அதில் ஒருத்தர் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். ஏழு வருஷமா பாத எரிச்சல். பரிசோதனை எல்லாம் நார்மல்னு வந்ததால வீட்டில் நம்பலை. "அப்பாவுக்கு மனசுலதான் வியாதி"ன்னு மகனே என் முன்னாடி சொன்னார். ஊசி போடும்போது பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, இதுல என் எரிச்சல் தெரியுமா?"

தெரியும்யான்னு சொல்லிட்டேன். பத்தொன்பது வயசு. தெரியுமான்னு எனக்கே தெரியாது.

ஏழாவது சனிக்கிழமை. எட்டுப் பேர் முடிஞ்சது, நாலு பேர் பாக்கி. அதில் பெரியவரும் ஒருத்தர். ஒருத்தருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அடுத்த சனிதான் எனக்குக் கடைசி. என் நேரம் சாயங்காலம் அஞ்சு மணியோட முடியுது. எட்டாவது ஆளோட ஸ்லைடில் 63ல கடைசிப் படம் எடுத்தேன். முழுசா ஒரு படம் 20ல இருந்தா ரிப்போர்ட்டுக்கு நல்லா இருக்குமேன்னு தோணுச்சு. மணி அஞ்சாகப்போகுது. ஸ்லைடை எடுக்காமலே திருப்பினேன்.

படம் மங்கலாத்தான் வந்தது. எனக்குத் தெரிஞ்சது. சாயம் வெளுத்துப்போச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு ஸ்லைடை எடுத்துப் பெட்டியில் வெச்சேன். 63 லென்ஸை மட்டும் துடைச்சேன். நோட்டில் 'குறிப்புகள்' கட்டத்தில் 'ஓகே'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வரும்போது வாசலில் ஒரு அக்கா. கையில் தெர்மோகோல் பெட்டி. வேறொரு ஊரில் சின்னக் கல்லூரி ஒண்ணில் பி.எச்டி. பண்றவங்க. உயிருள்ள செல்களைப் பெட்டிக்குள்ள சூடா வெச்சு மூணு மணி நேரம் பஸ்ஸில் மடியில் வெச்சுக்கிட்டே வந்திருக்காங்க. ராத்திரி பூரா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு படம், செல்கள் எப்படி நகருதுன்னு பார்க்க. அதுக்கு வேண்டியது 20 எக்ஸ்தான். இந்த ஒரு ராத்திரிக்கு ரெண்டு மாசம் காத்திருந்ததா சொன்னாங்க. "முடிஞ்சுதா தம்பி? மெஷின் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குக்கா."

திங்கட்கிழமை மத்தியானம் ஸ்லைடு பெட்டியை எடுக்கப் போனேன். ஆய்வக பொறுப்பாளர் ஃபோனில் பேசிக்கிட்டிருக்கார். எதிர்முனையில் அந்த அக்கான்னு கொஞ்ச நேரத்தில் புரிஞ்சது. சனிக்கிழமை ராத்திரி படம் எல்லாம் பனிமூட்டம். முதலில் பாத்திரத்தோட அடியில் ஈரம் கட்டியிருக்குன்னு நினைச்சிருக்காங்க. அப்புறம் செல்லில் கோளாறுன்னு. வெளி ஆட்கள் லென்ஸைத் துடைக்க அனுமதி இல்லை, அண்ணன் வீட்டுக்குப் போயாச்சு. வேற வழியில்லாம 10 எக்ஸில் வெச்சு ஓட்டியிருக்காங்க. அதில் அளக்கவே முடியலை.

"20 எக்ஸ்ல எண்ணெய் இருக்கு. உங்களுக்கு முன்னாடி நோட்ல ஓகேன்னு இருக்கு. அப்ப நீங்கதானே தொட்டிருக்கணும்?" பொறுப்பாளர் கேட்கிறார்.

நான் மூலையில் நின்னு பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கிட்டிருந்தேன். ஒட்டினதையே திரும்ப ஒட்டினேன்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். இனி வெளி நிறுவனத்தவர்களுக்கு இரவு நேரம் ஒதுக்கப்படாது.

ஒரு சொட்டு எண்ணெய்க்கு இந்த விலை. அந்த அக்கா மட்டும் இல்லை, நாலைஞ்சு ஊரில் எத்தனையோ பேருக்கு ராத்திரி போச்சு. பகல்ல அவங்களுக்கு எப்போ கிடைக்கும்?

நான் அன்னைக்கே போய்ச் சொன்னேன்னு எழுத ஆசைதான். சொல்லலை. ஒரு ராத்திரி முழுக்க கணக்குப் போட்டேன். சொன்னா கடைசி சனிக்கிழமையைப் பிடுங்கிடுவாங்க, மேடத்துக்குக் கெட்ட பேர், நாலு பேர் தோல் வீண், பெரியவருக்கு என்ன பதில் சொல்ல? எல்லாமே நியாயமான காரணம் மாதிரி இருந்துச்சு. அதுதான் பயமா இருந்துச்சு.

புதன்கிழமை அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் ஒண்ணும் பேசலை. கம்ப்யூட்டரில் என் ஃபைலைத் திறந்தார். ஒவ்வொரு படத்துக்குள்ளேயும் எந்த லென்ஸ், எத்தனை மணின்னு மெஷினே எழுதி வெச்சிருக்கும். 4.52க்கு 63. 4.54க்கு 20. நடுவில் ரெண்டே நிமிஷம்.

"இதை நான் திங்கக்கிழமையே பாத்திருக்கணும்"னார். "நோட்ல ஓகேன்னு இருந்ததும் விட்டுட்டேன். வெளியூர் பொண்ணுதானேன்னு எல்லாருக்கும் ஈஸியா இருந்துச்சு." அப்புறம் ஃபோனை என் பக்கம் நகர்த்தினார். "நீயே பேசு."

பேசினேன். என்ன சொன்னேன்னு சரியா ஞாபகம் இல்லை, உளறியிருப்பேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்த அக்கா திட்டுவாங்கன்னு காத்திருந்தேன். "அடுத்து எப்போ காலின்னு கேட்டுச் சொல்லு தம்பி"ன்னாங்க. அவ்வளவுதான்.

நோட்டைப் புரட்டினா மூணு வாரத்துக்கு எதுவுமே இல்லை. காலியா இருந்த ஒரே நாள், காலி இல்லை, என் பேர் போட்ட சனிக்கிழமை. அன்னைக்கு ராத்திரி ஒன்பது வரைக்கும் வேற யாரும் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் கிடைக்கும். அவங்களுக்குப் போதும். வியாழக்கிழமையே செல்களைத் தயார் பண்ண ஆரம்பிச்சா சரியா இருக்கும்னாங்க.

என் பேரை அடிச்சுட்டு அவங்க பேரை எழுதினேன். மேடம் என்னைப் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. அவங்க கோபமும் நியாயம்தான், அந்த நாலு பேரும் அவங்க நோயாளிகள். பொறுப்பாளர் அறிவிப்புத் தாளை எடுத்துட்டார். என்னைப் பத்தி ஒரு கடிதம் காலேஜுக்குப் போகும்னு சொன்னார். போச்சு.

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி. ஹாஸ்டல் மெஸ்ஸில் இருக்கேன். ஃபோன். அந்த அக்கா. "தம்பி, நான் முடிச்சுட்டேன். ஒன்பது வரைக்கும் மெஷின் நம்ம பேர்லதான் இருக்கு. லேசரை அணைக்கலை. உன் ஸ்லைடு எடுத்துட்டு வர்றியா?"

சைக்கிளில் போனேன். போய்ச் சேரும்போது எட்டு பத்து. ஒரு ஆளுக்குத்தான் நேரம் இருந்தது. யாரோடதுன்னு யோசிக்கவே இல்லை.

பெரியவரோட தோல். அடுக்கடுக்கா இறங்கினோம். மேல்தோலுக்குக் கீழே பச்சையா கொஞ்சம் நரம்புக் கற்றை. அதிலிருந்து மேலே ஏறி வரவேண்டிய இழைகள்? ஒரு இடத்தில் ஒண்ணு, பாதியில அறுந்து வீங்கின மாதிரி. நிறையத் தூரம் தள்ளி இன்னொண்ணு. நடுவில் எல்லாம் வெறும் இருட்டு. சர்க்கரை இல்லாத ஒருத்தரோட தோலில் அந்த இடம் புல்வெளி மாதிரி இருக்கும். அந்த அக்காவும் என் தோளுக்குப் பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "இவருக்கு எரியத்தானே செய்யும்"னாங்க.

கடைசி பஸ் போயிடும்னு அவங்க கிளம்பினாங்க. நான் ஸ்லைடை எடுத்தேன், 63ஐத் துடைச்சேன். 20ஐக் கழட்டாம டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பிறகு நோட்டில் முதல் தடவையா கட்டம் நிறைய எழுதினேன்.

ரிப்போர்ட்டில் ஒன்பது பேர். ஏற்கலை. எண்ணிக்கை குறைவுன்னு சொன்னாங்களா, நான் எழுதினது மோசமான்னு இப்போ வரைக்கும் தெரியாது, ரெண்டுமே இருக்கலாம்.

பெரியவர் அடுத்த மாசம் மகனோட ஓ.பி.க்கு வந்தப்போ மேடம் அந்தப் படத்தை மகன்கிட்டே காட்டினாங்க. அவர் ரொம்ப நேரம் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. கிளம்பும்போது அப்பாவோட செருப்பைக் குனிஞ்சு எடுத்து வெச்சார். படம் எடுத்ததால எரிச்சல் நிக்கலை, மாத்திரையில் கொஞ்சம் குறைஞ்சது. உங்க வீட்டில் யாராவது பாதம் எரியுதுன்னா, டெஸ்ட் நார்மல்னா கூட நம்புங்க. சர்க்கரையைக் கட்டுக்குள்ள வெச்சு, மருத்துவர்கிட்ட அதுக்கான மருந்தைக் கேளுங்க.

மத்த மூணு பேருக்கு நான் இன்னும் கடன்காரன்தான்.

இப்போ எங்க ஸ்கேன் மெஷினுக்கு வருவோம். போன வாரம் கத்தி முடிச்சதும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நூல் கட்டி அந்த மெஷினிலேயே தொங்கவிட்டேன். தேதி, நேரம், பெயர், ப்ரோப் துடைச்சாச்சா, சார்ஜில் போட்டாச்சா, குறிப்புகள். ஹவுஸ் சர்ஜன் தம்பிகளைக் கூப்பிட்டு அண்ணன் எனக்கு எடுத்த அதே வகுப்பு எடுத்தேன், ஸ்வெட்டர் மட்டும்தான் இல்லை.

ஒரு வாரத்தில் பதினொரு தடவை எழுதியிருக்காங்க. ஒருத்தர் "பவர் கார்டு லூஸ், பார்த்து சொருகவும்"னு எழுதியிருக்கார், தங்கமான பிள்ளை. நாலு இடத்தில் வெறும் 'ஓகே'.

அதில் ஒண்ணு விடிகாலை மூணு மணிக்கு. கையெழுத்து என்னோடது. இப்போதான் பார்த்தேன். ப்ரோப் எப்படி இருக்குன்னு போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்.